சீல் விழாத கட்டம்

எங்கள் வீட்டில் வாத்தியார் ஆக வேண்டியவன் என் அண்ணன். ஆனது நான். இதை யாரிடமாவது சொன்னால், "அதுக்கென்ன, ஒரு வீட்டுல ஒருத்தருக்குக் கெடச்சாப் போராதா" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எப்படி அவன் ஆகாமல் போனான் என்று உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்று வெகுநாள் இருந்தது. இப்போது அவனுக்கும் தெரியும். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் ஆறும் என்று சொல்கிறார்களே, அதெல்லாம் சும்மா. ஆறவில்லை.

நாகர்கோவிலுக்குக் கொஞ்சம் வடக்கே, சுற்றிலும் வயல் உள்ள ஊர் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் களம். அறுப்பு இல்லாத நாட்களில் அந்தக் களம்தான் அண்ணனுடைய பள்ளிக்கூடம். தொழுவத்துச் சுவரில் அடுப்புக்கரியால் கணக்கு எழுதிப் போடுவான். நானும் மாமா மகனும்தான் பிள்ளைகள். அடிக்கிற வாத்தியார் இல்லை அவன். அடித்தாலாவது சட்டென்று முடிந்துவிடும். இவன் புரிகிறவரை விடமாட்டான். "புரிஞ்சிட்டு, புரிஞ்சிட்டு" என்று நான் எழுந்து ஓடப் பார்ப்பேன். கையைப் பிடித்து உட்கார வைப்பான். "பொய் சொல்லாதட்டி. புரியலன்னா புரியலன்னு சொல்லு. அதுல ஒரு கொறச்சலும் இல்ல" என்பான். அப்போது அவனுக்குப் பத்து வயது, எனக்கு எட்டு.

எனக்கு வாத்திச்சி ஆகிற எண்ணம் கனவிலும் கிடையாது. அப்பா காய்கறி விதை வாங்கவோ கயிறு வாங்கவோ வடசேரிக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போவார். பஸ் ஸ்டாண்டில் ஒலிபெருக்கியில் ஒரு குரல் வரும். "தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் பேருந்து..." அந்தக் குரல் சொன்னதும் அத்தனை பேரும் பெட்டியும் படுக்கையுமாக ஓடுவார்கள். எனக்கு அது பெரிய அதிகாரமாகத் தெரிந்தது. ஆள் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது, ஆனால் ஊரே அவன் சொன்னபடி கேட்கிறது! வீட்டுக்கு வந்து செம்புக்குள் வாயை வைத்துச் சொல்லிப் பார்ப்பேன். அந்தக் குரல் கணகணவென்று வரும். "பெரிசானா பஸ் ஸ்டாண்டுல மைக்கில பேசப்போறேன்" என்று அப்பாவிடம் சொன்னேன். "பொம்பளப்பிள்ள பஸ் ஸ்டாண்டுல நின்னு கத்தவா? கொள்ளாமே, ரொம்ப நல்லாத்தான் இருக்கும்!" என்றார். மாமா மகன் விமானம் ஓட்டுவேன் என்றான். அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆம்பிளைப் பிள்ளை அல்லவா. இப்போது அவன் தோகா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலையில் இருக்கிறான். "ஏரோப்பிளேன் ரெக்கைய தொட்டுக்கிட்டுதான் நிக்கேன், பின்ன என்ன?" என்று லீவுக்கு வரும்போது சொல்வான்.

பள்ளிக்கூடமா பஸ் ஸ்டாண்டா என்று களத்தில் தினமும் சண்டை வரும். கடைசியில் ஒரு சமாதானம் செய்துகொண்டோம். நான் செம்பில் அறிவிப்பேன். மாமா மகன் வண்டியை ஓட்டுவான். நானும் ஏறி, கடைசியாக வாத்தியார் ஏறி, செம்பை ரெண்டு தட்டுத் தட்டுவார். ரெண்டு தட்டினால் வண்டி போகலாம் என்று அர்த்தம். பிறகு தொழுவத்துச் சுவர் வந்துவிடும், கணக்கு ஆரம்பித்துவிடும்.

அண்ணன் சொன்னபடியே படித்தான். கணக்கில் பட்டம், பிறகு பி.எட். எங்கள் மாவட்டத்தில் கல்லெறிந்தால் பி.எட். படித்தவர் தலையில்தான் விழும். அத்தனை பேரும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்துக் கிடப்பார்கள். அப்போதெல்லாம் யார் முதலில் பதிந்தார்களோ அவர்களுக்கு முதலில் வேலை. பதிவு மூப்பு என்பார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்த அட்டையைக் கொண்டுபோய்ப் புதுப்பிக்க வேண்டும். அட்டைக்குப் பின்புறம் கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு கட்டத்தில் சீல் குத்தித் தருவார்கள். குறித்த மாதத்தில் தவறினால் கொஞ்ச நாள் சலுகை உண்டு. அதுவும் தவறினால் போச்சு. அதுவரை காத்திருந்த வருடங்கள் அத்தனையும் அழிந்துபோகும். முதல் ஆளாக நின்றவன் கடைசி ஆளாகப் போய் நிற்க வேண்டும்.

என்னை அப்பா பிளஸ் டூ முடிந்த கையோடு ஆசிரியர் பயிற்சியில் கொண்டு சேர்த்தார். நான் ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். "வாத்திச்சி வேலைதான் பொம்பளப்பிள்ளைக்கு மரியாதை. காலம்பற போயிட்டு சாயந்தரம் வந்திரலாம்" என்றார். அம்மா அதற்கும் தலையாட்டினாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் வரிசை சின்னது, அண்ணன் நின்ற வரிசை நீளமானது. வேண்டாம் வேண்டாம் என்று நின்றவளுக்கு அரசு வேலை வந்து விழுந்தது. பத்து வயதிலிருந்து சுவரில் எழுதினவன் ஒரு தனியார் பள்ளியில் கைச்செலவுக்கும் காணாத சம்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். நியமன உத்தரவு வந்த அன்று எனக்குக் கணக்கு நோட்டு ஒன்று வாங்கி வந்து தந்தான். முதல் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. "நீ எழுதிக்கோ டீச்சரே" என்று கிண்டல் செய்தான்.

பிறகு அவனும் மஸ்கட்டுக்குப் போனான். சிமெண்ட் கல் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிற வேலை. "ரெண்டு வருசம்தான். அதுக்குள்ள எனக்க நம்பர் வந்திரும்" என்றான். திருவனந்தபுரம் வண்டி ஏற்றிவிட நான்தான் வடசேரி வரை போனேன். ஒலிபெருக்கி களியக்காவிளை வழி என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்ட அட்டையை என் கையில் தந்தான்.

"மூணு வருசத்துக்கு ஒருக்கா. வேற எது மறந்தாலும் இத மறந்துராதட்டி."

"நான் என்ன சின்னப் பிள்ளையா? நீ போ."

"அம்மைக்கிட்ட குடுத்தா அரிசிப் பானைக்குள்ள வைப்பா. அப்பாக்கிட்ட குடுத்தா எங்க வச்சோம்னு தெரியாது. அதனாலயாக்கும் ஒனக்கிட்ட தாறேன், கேட்டியா?"

முதல் தடவை சரியாகச் செய்தேன். மாதம் பிறந்த முதல் வாரத்திலேயே கோணம் என்ற இடத்தில் இருந்த அலுவலகத்துக்குப் போய், வரிசையில் நின்று, சீல் வாங்கி வந்தேன். ரெண்டாம் தடவைதான்.

அந்த வருடம் அண்ணனோடு படித்தவர்களில் முன்னால் பதிந்த சிலருக்கு வேலை வந்துவிட்டது. அவனுடைய எண் கிட்டத்தில் வந்துவிட்டது என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மண்டைக்காட்டு அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். மாசிக் கொடைத் திருவிழாவுக்கு வந்து பொங்கல் வைத்து, அட்டையை உன் காலடியில் வைத்து எடுத்து, அந்தக் குங்குமத்தோடேயே போய்ப் புதுப்பிக்கிறேன், இந்த வருடம் அவனுக்கு வேலை வரட்டும் என்று. யாரும் இப்படி நேரச் சொல்லவில்லை. நானாக நேர்ந்தது. அதனால் குறித்த மாதத்தில் அலுவலகத்துக்குப் போகவில்லை, சலுகை நாட்கள் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். கொடை வரட்டும், கொடை வரட்டும் என்று இருந்தேன். சலுகையின் கடைசி நாள் கொடையின் கடைசிச் செவ்வாய்க்கிழமையில் வந்து முட்டி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மண்டைக்காட்டுக்குப் போனேன். இருமுடி கட்டி வந்த மலையாளத்துப் பெண்களின் கூட்டம், மணலில் அடுப்பு, கண்ணில் புகை. பொங்கல் வைத்து, நெருக்கித் தள்ளி உள்ளே போய், அட்டையைப் பூசாரியிடம் நீட்டினேன். "இதென்னம்மா, ரேஷன் கார்டா?" என்றார். வேலை அட்டை என்றேன். வாங்கி வைத்து, பூவும் குங்குமமுமாகத் திருப்பித் தந்தார். பின்புறக் கட்டங்களின் மேலெல்லாம் சிவப்பு ஒட்டிக்கொண்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்! பாதி வேலை வந்துவிட்ட மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கு அதிகாரி வருகிறார் என்று தலைமையாசிரியை லீவு தரவில்லை. போகட்டும், செவ்வாய்க்கிழமை நமக்கு விடுமுறைதானே, நிதானமாகப் போய்க்கொள்ளலாம் என்று இருந்தேன்.

படிக்கிறவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்கு அன்று காலை பத்தரை மணிக்கு, பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிற்கும்போதுதான் புரிந்தது. எதற்காக எங்கள் பள்ளிக்கு விடுமுறையோ, அதற்காகவே அந்த அலுவலகத்துக்கும் விடுமுறை. மண்டைக்காட்டுக் கொடைக்கு மாவட்டம் முழுக்க விடுமுறை. பிறந்ததிலிருந்து வருடம் தவறாமல் அனுபவித்த விடுமுறை. எனக்கு லீவு என்பது மட்டும் தலைக்குள் இருந்தது, மற்றவர்களுக்கும் லீவு என்பது ஏறவில்லை. எதிரே டீக்கடையில் இருந்தவர், "கொடைக்கு லீவுல்லாம்மா? ஒங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். நெற்றியில் அந்தக் கோயில் குங்குமத்தோடு நின்றுகொண்டு நான் எந்த ஊர் என்று சொல்ல? அப்படியே திரும்பிவிட்டேன்.

புதன்கிழமை கதவு திறக்கும் முன்பே போய் நின்றேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"நேத்தோட முடிஞ்சிட்டே."

"நேத்து லீவுல்லா மேடம்?"

"அதுக்கு முன்னால எத்தனை நாளு இருந்துச்சு? அப்பம் எங்க போனீங்க?"

அவர் கேட்டதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. புதிதாகப் பதியலாம், ஆனால் மூப்பு இன்றையிலிருந்துதான், அதற்கும் ஆளே நேரில் வர வேண்டும் என்றார். அழுதேன். வெட்கத்தை விட்டு அழுதேன். பாவம், அவரும் இறங்கி வந்து, மேலதிகாரிக்குக் காரணத்தைச் சொல்லி ஒரு மனு எழுதுங்கள், பார்க்கலாம் என்றார். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன். அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான் என்று எழுதினேன். அட்டை என்னிடம் இருந்தது என்று எழுதினேன். ஏன் வரவில்லை என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. கோயிலுக்குப் போயிருந்தேன் என்று எழுதுவதா? அந்த வரியை எழுதாமல் மனு இல்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். எழுதியிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்குமோ என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. "புதுக்கியாச்சா?" என்றான்.

"புதுக்கியாச்சு அண்ணே" என்றேன்.

ஏன் சொன்னேன்? பயம். வேறொன்றும் இல்லை. அழகாக ஏதாவது காரணம் சொல்லலாம், அவன் மனம் உடைந்துவிடும், தூரத்தில் இருக்கிறான் என்றெல்லாம். அப்படி இல்லை. என்னை அவன் நம்பித் தந்தானே, அந்த நம்பிக்கையை இழக்கப் பயந்தேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்துப் பெரிய பட்டியல் ஒன்று வந்தது. அண்ணனுக்குப் பின்னால் பதிந்தவர்களுக்கெல்லாம் வேலை. எங்கள் தெருவிலேயே ஒருவர், அண்ணனுக்கு ரெண்டு வருடம் இளையவர், மாலையும் கழுத்துமாக வந்து அப்பாவிடம் ஆசீர்வாதம் வாங்கினார். அண்ணன் போனில், "எனக்க பேரு வரலியாட்டி?" என்று கேட்டான். "ஏதோ குளறுபடியாம் அண்ணே, அடுத்ததுல வருமாம்" என்றேன். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று.

அப்பாவுக்கு அன்று பிடித்தது கிறுக்கு. எல்லாரிடமும் சொல்வார்: "என் மகன் ராசி கெட்டவன். படிச்சும் துப்பில்ல." லீவுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்திருக்கும்போதும் சொல்வார். "தங்கச்சியப் பாரு. வேண்டாம்னு சொன்னவ, இண்ணைக்கு கவர்மெண்டு டீச்சர். ஒனக்கு எது விளங்கிச்சு?" அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவான். நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பேன். வாயைத் திறந்ததில்லை. ஒருநாள்கூட! அப்பா சாகிறவரை இப்படியே போனது. கடைசிப் படுக்கையிலும் அவர் என் கையைத்தான் பிடித்துக்கொண்டார். அண்ணன் கால்மாட்டில் நின்றான்.

பதினாறாம் நாள் முடிந்து அண்ணன் அட்டையைக் கேட்டான். "கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னு ஆபீஸ்ல வாங்கிட்டாவ" என்றேன். "அப்படியா, சரி" என்றான். அட்டை என் பீரோவில் பட்டுச் சேலை மடிப்புக்குள் இருந்தது. தூர எறிய எனக்குத் தைரியம் இல்லை, அம்மன் குங்குமம் பட்டது. பிறகு மூப்பு முறை போய்த் தகுதித் தேர்வு வந்தது. "இனி பிள்ளையளோட பிள்ளையா நான் பரீட்சை எழுதவா?" என்று அண்ணன் விட்டுவிட்டான். முதுகுவலியோடு மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பினான். டவுனில் ஒரு ஆங்கிலப் பள்ளிக்கு வேன் ஓட்ட ஆரம்பித்தான்.

அவன் ஓட்டும் வழி என் பள்ளிக்கு முன்னால்தான் போகிறது. என் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்து இப்போது நானும் இன்னொரு டீச்சரும்தான். நான் தலைமையாசிரியை. என் வகுப்பில் உட்கார வேண்டிய பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மஞ்சள் வேன் தினமும் காலை எட்டே முக்காலுக்குப் போகும். எனக்கு அவன்மேல் அதற்காகக் கோபம் வந்ததில்லை, எந்த முகத்தோடு வரும்? கேட் பக்கம் வரும்போது ரெண்டு தடவை ஹாரன் அடிப்பான். செம்பில் ரெண்டு தட்டு. நான் கையைக் காட்டுவேன். இத்தனை வருடத்தில் எனக்கென்று அவன் வைத்திருந்தது அது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை மாலை அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். முகம் அப்படியே மின்னியது. அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சர் பிரசவ லீவில் போகிறாராம். வேன் ஓட்டுகிறவர் பி.எஸ்சி., பி.எட். என்று எப்படியோ பிரின்ஸ்பாலுக்குத் தெரிந்து, அந்த மாதங்களுக்கு வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

"ஏட்டி, எனக்க சர்டிபிகேட்டு ஃபைல எடு. ஏழாங்கிளாஸாக்கும், ரெண்டு செக்ஷன்!"

அப்பா வீட்டுக் கூரை ஒழுகியபோது அவனுடைய ஃபைலை நான்தான் எடுத்து வந்து வைத்திருந்தேன். உள்ளே போய் பீரோவைத் திறந்தேன். ஃபைலை எடுத்தேன். சேலை மடிப்புக்குள் கை போயிற்று. ஐம்பது வயதில் ஒரு மனிதன் ஏழாம் வகுப்புக் கணக்குக்கு இப்படிச் சந்தோஷப்படுகிறானே, இதற்கு மேலும் நான் மறைத்தால் எனக்கு நல்ல சாவு வருமா என்று தோன்றியது. அட்டையை ஃபைலில் மார்க் லிஸ்ட்டுக்கு அடியில் வைத்தேன். அப்போதும் பாருங்கள், வாயால் சொல்லத் துணிவில்லை. அட்டை சொல்லட்டும் என்று விட்டேன்.

அவன் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். டிகிரி, பி.எட்., மார்க் லிஸ்ட். அட்டை வந்ததும் நின்றான். "இது ஆபீஸ்லல்லா இருக்குன்னு சொன்ன?" என்று சிரித்துக்கொண்டே திருப்பினான். முதல் கட்டத்தில் சீல். அடுத்த கட்டம் வெறுமை. அதன் மேல் காய்ந்து கருத்துப்போன குங்குமம். அவன் கணக்கு வாத்தியார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"புதுக்கல்லியா நீ?"

"கொடைக்கு லீவுன்னு எனக்கு ஓர்மை இல்ல அண்ணே. ஒனக்காக நேந்துதான்..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். காலில் விழப் போனேன். அவன் நகர்ந்துகொண்டான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம், இந்தச் சவத்தை ரெண்டு அடி அடித்திருக்கலாம்.

"மறந்தது போட்டும்" என்றான். "யாரும் மறக்கலாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அப்பா என்னய ராசி கெட்டவன், துப்பில்லாதவன்னு சொல்லும்போ நீ பக்கத்துல நின்னு குழம்பு ஊத்திட்டுதானே இருந்த?"

"ஆமா."

"அப்பா அப்படியே நெனச்சிட்டே போயிட்டாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன், எனக்குத்தான் துப்பில்லன்னு. இத்தனை வருசமா."

ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அட்டையை மேஜைமேல் விட்டுப் போனான்.

அந்த மாதங்களில் அவன் காலையும் மாலையும் வேன் ஓட்டி, இடையில் ரெண்டு வகுப்பு எடுத்தான். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்குழந்தை அந்தப் பள்ளியில்தான் ஏழாம் வகுப்பு. "வேன் சாரு புரியிறவரைக்கும் விடமாட்டாரு ஆன்ட்டி. புரியலன்னு சொன்னா திட்டவே மாட்டாரு" என்றாள். எனக்குச் சமையலறைக்குள் போய் நிற்கவேண்டியதாயிற்று. லீவில் போன டீச்சர் திரும்பி வந்தார். அண்ணன் பழையபடி வேன் மட்டும் ஓட்டினான். ஹாரன் சத்தம் அந்தச் சனிக்கிழமையோடு நின்றுவிட்டது. எட்டே முக்காலுக்கு நான் கேட்டில் நிற்பேன். வேன் நேரே பார்த்துக்கொண்டு போகும். ரெண்டு தடவை அவன் வீட்டுக்குப் போனேன். மதினி டீ தந்தாள். அவன் மாடியில் இருப்பதாகச் சொன்னாள், இறங்கி வரவில்லை.

இந்த ஜூன் மாதம், பள்ளி திறந்த மூன்றாம் நாள். காலைக் கூட்டத்தில் மைக்கில் பேசி முடித்துவிட்டு, நாலாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டு இல்லாவிட்டாலும் எனக்கென்று ஒரு மைக் உண்டு. எட்டே முக்காலுக்குப் போக வேண்டிய வேன் அன்று பிந்தி வந்து வாசலில் நின்ற சத்தம் கேட்டது. அண்ணன் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தான். கையில் ஒரு கடிதம். என் பள்ளியில் படிக்கும் ரெண்டு பிள்ளைகள், அண்ணனும் தங்கையும், அந்த ஆங்கிலப் பள்ளிக்கு மாறுகிறார்கள். மாற்றுச் சான்றிதழை இவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று அவர்களுடைய அப்பா எழுதியிருந்தார்.

"டீச்சர், இந்த ரெண்டு டி.சி. வேணும்" என்றான்.

டீச்சர்! என் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

"இரி அண்ணே."

"வண்டில பிள்ளைய இருக்கு டீச்சர். கொஞ்சம் சட்டுனு போட்டுத் தாருங்க."

எழுதினேன். கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையை எடுத்துக் குத்தினேன். மை காய்ந்திருந்தது. பாதிதான் விழுந்தது. அவன் குனிந்து பார்த்தான்.

"விழல்ல டீச்சர். ஒருக்கா கூடி குத்துங்க. பிள்ளையளுக்க காரியமில்லியா, பொறவு எடக்காயிரும்."

மையைத் தொட்டு ரெண்டு கையாலும் அழுத்திக் குத்தினேன். ரெண்டு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பிடித்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தான். வாயால் ஊதிக் காயவைத்தான். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். வேன் கிளம்பிற்று. ஹாரன் அடிக்கவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண்குழந்தை எழுந்து நின்றாள். "அது யாரு டீச்சர்?"

"எனக்க அண்ணன் மக்கா. கணக்கு வாத்தியார்."

"போங்க டீச்சர், பொய் சொல்லுகியோ" என்றாள். "அவிய வேன் ஓட்டுகவியல்லா?"

ஆமாம் என்றேன். புத்தகத்தை எடுக்கச் சொன்னேன்.